ஒரே கேம், நாட்டுக்கு ஒரு விலை: பிராந்திய விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டில் 60 டாலருக்கு விற்கும் கேம் இன்னொரு நாட்டில் அதில் பாதிக்குக் கிடைக்கிறது. நேற்றுவரை கைக்கு எட்டிய விலையில் இருந்தது, இன்று காலை பார்த்தால் ஆனை விலை. இதையெல்லாம் பார்த்ததும் எழும் கேள்விகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். இங்கே பதில்கள் பெரும்பாலும் பிசி கேம்களையும், அவற்றை டவுன்லோடாக விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையையும் வைத்தே இருக்கும். விலை விவரம் வெளிப்படையாகத் தெரிவது அங்கேதான்.

பிராந்திய விலை என்றால் என்ன?

டவுன்லோட் ஆவது அதே ஃபைல்தான். உங்கள் கணக்கு எந்த நாட்டைச் சேர்ந்ததோ, அதைப் பொறுத்து விலை மாறுகிறது. ஸ்டீமில் ஏறக்குறைய 40 விலைப் பிரிவுகள் உண்டு. சில பிரிவுகள் அந்தந்த நாட்டு நாணயத்தில் இருக்கும். சில, பல நாடுகளைச் சேர்த்துப் போட்ட டாலர் பிரிவுகள். கேமை விற்பவர் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே உள்ள கட்டத்தில் ஓர் எண்ணைப் போட வேண்டும்.

பலர் நினைப்பதுபோல் இது கணினி தானாகவே செய்யும் நாணய மாற்றக் கணக்கு அல்ல. யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், அந்தக் கட்டத்தில் போட்ட எண். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பதில்தான் கீழே வரும் சிக்கல்களில் பாதி அடங்கியிருக்கிறது.

டாலர் விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கிவிட்டால் வேலை முடிந்ததே?

முடியாது. மாற்று விகிதம் சொல்வது நாணயத்தின் விலையை. அந்த நாட்டில் ஒருவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது அதில் தெரியாது.

துருக்கியை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலை முதல் அந்த ஆண்டுக் கடைசிவரை அங்கே குறைந்தபட்ச ஊதியம் மாதம் 11,402 லிரா, கைக்கு வருவது. மாதத்துக்கு 225 மணி நேர வேலை என்பது அங்குள்ள கணக்கு. அப்படியானால் மணிக்குச் சுமார் 50 லிரா. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு டாலர் 28 லிராவைத் தாண்டியிருந்தது. 60 டாலர் கேமை அப்படியே மாற்றிப் போட்டால் 1,700 லிரா. ஒரு கேமுக்காக 33, 34 மணி நேரம் உழைக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். அங்கே அதே கேமுக்கு எட்டேகால் மணி நேர உழைப்பு போதும். அமெரிக்கக் கணக்கு வரி பிடிப்பதற்கு முந்தையது. அதைக் கழித்தாலும் இடைவெளி பெரிதாகக் குறையாது.

ஒருவருக்கு ஒரு நாள் கூலி, மற்றவருக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரக் கூலி. விலைச்சீட்டில் இருப்பதோ ஒரே எண்.

ஒரு டாலருக்கு நிறைய எண்ணிக்கையில் கிடைக்கும் நாணயம் எல்லாமே பலவீனமானதா?

இல்லை. ஒரு டாலருக்கு 150 யெனுக்கு மேலும் கிடைத்திருக்கிறது. அதற்காக யாரும் ஜப்பானை மலிவு விலை நாடுகளோடு சேர்ப்பதில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. உள்ளூர் வருமானத்தோடு ஒப்பிட்டால் அந்த விலை எவ்வளவு பாரம் என்பது ஒன்று. நாணயம் நிலையாக நிற்கிறதா, நாளுக்கு நாள் சரிகிறதா என்பது இன்னொன்று. வருமானம் குறைவாக இருந்தும் நாணயம் நிலையாக இருந்தால் விலை போடுவது எளிது. சரியும் நாணயத்துக்கு விலை போடுவதுதான் தலைவலி.

குறைந்த விலைக்கு விற்றால் தயாரித்தவருக்கு நஷ்டம் இல்லையா?

கேமை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பும் பணமும் போகிறது. உருவாக்கிய பின் இன்னொரு பிரதி கொடுக்க ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஸ்டீமின் வழக்கமான பங்கு 30 விழுக்காடு. 2018 கடைசியிலிருந்து, விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட வருவாயில் 25 விழுக்காடு, 5 கோடியைத் தாண்டினால் 20. பங்கு விழுக்காட்டில் இருப்பதால், விலை குறைந்தால் கடையின் பங்கும் கூடவே குறையும். அதனால் 60 டாலர் கொடுக்க வழியே இல்லாத ஒருவர் 20 டாலர் கொடுத்து வாங்குவது வரவுதான். அவர் ஒருநாளும் 60 டாலர் வாடிக்கையாளராக இருந்ததில்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் சர்வர் நடத்த வேண்டிய ஆன்லைன் கேமில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் கொஞ்சம் செலவு வைப்பார். மிகக் குறைந்த விலையில் விற்றால் அங்கே உண்மையிலேயே கையைக் கடிக்கலாம்.

இன்னொன்று, வருமானம் குறைந்த நாடுகளில் போட்டி வேறு கேமோடு அல்ல, திருட்டுப் பிரதியோடு. அதன் விலை பூஜ்யம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் 2011ல், திருட்டுப் பிரதி பெரும்பாலும் விலைச் சிக்கல் அல்ல, சேவைச் சிக்கல் என்று சொன்னார். திருட்டுக்குப் பேர்போன ருஷ்யா தங்களுக்கு நல்ல சந்தையாக மாறியதை அதற்குச் சான்றாகக் காட்டினார். சேவை முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாரக் கூலியை விலையாக வைத்துவிட்டு எவ்வளவு நல்ல சேவை கொடுத்தாலும் அது எடுபடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விலையை முடிவு செய்வது ஸ்டீமா, கேமை விற்பவரா?

விற்பவர்தான். அதாவது கேமை உருவாக்கும் டெவலப்பர் அல்லது அதை வெளியிடும் பப்ளிஷர். ஸ்டீம் தருவது பரிந்துரை மட்டும். டாலர் விலையைப் போட்டதும் மற்ற கட்டங்களில் எவ்வளவு வைக்கலாம் என்று ஓர் அட்டவணை வரும். ஏற்கலாம், மாற்றலாம்.

ஆனால் நடைமுறையில் பரிந்துரைக்கு எடை அதிகம். மூன்று பேர் கொண்ட ஒரு சின்ன டீமில் கசகஸ்தான் பொருளாதாரத்தையோ வியட்நாம் பொருளாதாரத்தையோ உட்கார்ந்து படிக்க ஆள் ஏது? அட்டவணையை அப்படியே ஏற்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அந்த அட்டவணை பழசானால் ஆயிரக்கணக்கான கேம்களின் விலையும் சேர்ந்து பழசாகிவிடும்.

அப்படித்தான் ஆனது. பல ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் இருந்த பரிந்துரைகளை 2022 அக்டோபரில் வால்வ் புதுப்பித்தது. மாற்று விகிதத்தோடு வாங்கும் திறனையும் நுகர்வோர் விலைக் குறியீட்டையும் கணக்கில் எடுத்ததாகச் சொன்னது. 60 டாலர் கேமுக்கான பரிந்துரை துருக்கி லிராவில் 454 விழுக்காடும் அர்ஜென்டினா பெசோவில் 485 விழுக்காடும் ஏறியது. வாங்குகிறவர் கண்ணுக்கு அது கொள்ளை. கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு, பல ஆண்டு பாக்கியை ஒரே நாளில் வசூலித்த கதை.

நாணயம் சரியும்போது கேம் விலை என்ன ஆகிறது?

ஒன்றும் ஆகாது. சிக்கலே அதுதான்.

எடுத்துக்காட்டுக்கு, 2020 தொடக்கத்தில் ஒருவர் தன் கேமுக்கு 60 லிரா என்று போட்டார் என்று வையுங்கள். அப்போது டாலருக்கு ஏறக்குறைய 6 லிரா. ஆக 10 டாலர். 2022 அக்டோபரில் டாலர் 18 லிராவைத் தாண்டிவிட்டது. 60 லிரா இப்போது மூன்றேகால் டாலர். 2023 நவம்பரில் இரண்டு டாலரைச் சற்றே தாண்டும். கட்டத்தில் இருக்கும் எண் மாறவே இல்லை. அதன் மதிப்பு மட்டும் கரைந்துகொண்டே போனது.

உள்ளூர் ஆட்டக்காரருக்கு இது லாபமா? தொடக்கத்தில் கொஞ்சம். ஆனால் அவர் சம்பளமும் அதே லிராவில்தான் வருகிறது, அதுவும் கரைகிறது. 2022 அக்டோபரில் துருக்கியின் ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வீட்டு வாடகையும் ரொட்டியும் ஏற ஏற, கேம் மட்டும் பழைய விலையில் நின்றது. அந்த மலிவில் உண்மையாக அள்ளியவர்கள் டாலரிலும் யூரோவிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு, கணக்கின் நாட்டை மட்டும் துருக்கி என்று மாற்றி வைத்திருந்தவர்கள்.

இந்தக் கதை தலைகீழாகவும் நடக்கும். போலந்து நாணயமான ஸ்வோட்டி 2022 இலையுதிர் காலத்தில் டாலருக்கு 5 என்ற அளவை நெருங்கியிருந்தது. ஸ்டீமின் புதிய அட்டவணை வந்ததும் அதே நேரத்தில்தான். அடுத்த ஆண்டு ஸ்வோட்டி மீண்டு 4க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பல கேம்களின் விலையோ வந்த இடத்திலேயே நின்றது. விளைவு, அமெரிக்கரைவிட போலந்துக்காரர் அதிகம் கொடுக்கும் நிலை. யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் அல்ல. கட்டத்தைத் திறந்து பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் என்னதான் நடந்தது?

2023 நவம்பர் 20 அன்று ஸ்டீம் லிராவையும் பெசோவையும் கைவிட்டது. இரு நாடுகளிலும் விலை அமெரிக்க டாலருக்கு மாறியது. கூடவே இரண்டு புதிய டாலர் பிரிவுகள் வந்தன. அர்ஜென்டினா லத்தீன் அமெரிக்கப் பிரிவில் சேர்ந்தது. துருக்கி மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பிரிவில் சேர்ந்தது. இரண்டிலும் சேர்த்து 25 நாடுகள். மாற்று விகிதம் இப்படி ஆடினால் விற்பவர்களால் சரியான விலை போடவும் முடியவில்லை, போட்டதைக் காக்கவும் முடியவில்லை என்பது வால்வ் சொன்ன காரணம்.

ஒரே இரவில் பல கேம்களின் விலை பல மடங்கு ஏறியது. அழுகையும் கோபமும் நியாயமானவை. ஆனால் இதே மாற்றம் எகிப்து, மொராக்கோ, பொலிவியா போன்ற நாடுகளுக்கு நல்லதாக அமைந்தது. அங்கே அதுவரை அமெரிக்கரின் விலையே காட்டப்பட்டது. இப்போதுதான் அவர்களுக்கெனக் குறைத்துப் போட ஒரு கட்டம் கிடைத்தது. இரண்டு நாடுகளின் இழப்பு பெரிதாகப் பேசப்பட்டது. மற்ற நாடுகளின் சிறிய லாபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அர்ஜென்டினாவின் கதை இன்னும் சிக்கல். 2023ல் அங்கே பணவீக்கம் 211 விழுக்காடு. அந்த டிசம்பரில் புதிய அரசு அதிகாரப்பூர்வ விகிதத்தை ஒரே அடியில் டாலருக்கு 366 பெசோவிலிருந்து 800க்கு மாற்றியது. போதாக்குறைக்கு, வெளிநாட்டு நிறுவனத்திடம் கார்டில் வாங்கினால் அதன் மேல் தனி வரிகள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே நாட்டில் பல டாலர் விகிதங்கள் புழங்கின. கார்டில் வாங்குபவருக்கு விழும் விகிதத்துக்குக் ‘கார்டு டாலர்’ என்றே பெயர். 2023 கடைசியில் ஒரு கட்டத்தில் அது அதிகாரப்பூர்வ விகிதத்தின் இரண்டு மடங்கைத் தாண்டியது. கடையில் 10 டாலர் என்று போட்டிருந்தாலும் வங்கிக் கணக்கில் கழிந்தது 20 டாலருக்கு மேற்பட்ட பெசோ. இதில் கேம் விற்பவருக்கு ஒரு காசு கூடுதலாகப் போகவில்லை.

டாலரில் விலை காட்டினால் என்ன வித்தியாசம்? தொகை குறைவுதானே முக்கியம்?

ஆபத்து யார் தலையில் என்பதுதான் வித்தியாசம். லிராவில் விலை இருந்தபோது நாணயச் சரிவின் இழப்பு விற்பவருக்கு. டாலருக்கு மாறிய பின் வாங்குபவருக்கு. 2023 கடைசியில் 10 டாலர் கேம் ஏறக்குறைய 290 லிரா. 2025 நடுவில் டாலர் 40 லிராவை எட்டியபோது, விற்பவர் எதையும் தொடாமலே, அதே கேம் 400 லிரா.

வங்கி எடுக்கும் நாணய மாற்றுக் கட்டணம் தனி. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளுக்கும் ஸ்டீம் காட்டுவது தெற்காசிய டாலர் விலையைத்தான். 2022ல் இலங்கை ரூபாய் சில மாதங்களிலேயே டாலருக்கு 200இலிருந்து 360க்குப் பக்கத்தில் விழுந்தபோது, அங்கே ஸ்டீம் பக்கத்தில் விலை மாறவே இல்லை. மாறியது வாங்குபவரின் கணக்கு மட்டும்.

விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் மென்பொருள்) போட்டு மலிவான நாட்டில் வாங்கலாமா?

ஸ்டீமின் விதிப்படி கூடாது. மாட்டினால் கணக்குக்குக் கட்டுப்பாடு வரும். 2021 முதல் கணக்கின் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். மாற்றிய நாட்டைச் சேர்ந்த கார்டு போன்ற வழியில் பணம் கட்டினால்தான் அந்த மாற்றமும் செல்லும்.

விதியை விடுங்கள். இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. விலையை இப்படி வெளியாள் சுரண்டும்போது விற்பவரின் அறிக்கையில் தெரிவது ஒன்றுதான்: திடீரென ஒரு சின்ன நாட்டில் விற்பனை எகிறுகிறது, வருவாய் எகிறவில்லை. அவருக்குக் கைவசம் இருக்கும் வழி அந்த நாட்டின் விலையை ஏற்றுவது. ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அடுத்த நாட்டுக்குத் தாவிவிடுவார். தாவ முடியாதவர் அங்கே பிறந்து அங்கேயே சம்பளம் வாங்குபவர். பந்தியில் பசித்தவர் இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போவது போன்ற வேலை இது.

நண்பர் மலிவான நாட்டில் இருக்கிறார். அவர் எனக்குப் பரிசாக அனுப்பலாமா?

விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஸ்டீம் அனுமதிக்காது. 2017 மே மாதத்தில் அந்தக் கட்டுப்பாடு வந்தது. பரிசுப் பிரதிகளை வாங்கிக் கணக்கில் சேர்த்து வைத்துப் பிறகு விற்கும் வழியும் அப்போதே அடைக்கப்பட்டது.

புத்தகத்தை மலிவான நாட்டில் வாங்கி வேறு நாட்டில் விற்கலாமே. கேமை மட்டும் ஏன் தடுக்கிறார்கள்?

நல்ல கேள்வி. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சூபாப் கிர்ட்செங் என்ற மாணவர், தாய்லாந்தில் மலிவாக விற்ற பாடப்புத்தகங்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறையாக வாங்கிய பிரதி, எந்த நாட்டில் வாங்கியதானாலும், வாங்கியவருடையது. அவர் அதை விற்கலாம்.

டிஜிட்டல் கேமில் நீங்கள் பிரதியை வாங்குவதில்லை, உரிமத்தை வாங்குகிறீர்கள். உரிமத்தில் இந்த நாட்டில் மட்டும் என்று எழுதலாம், எழுதியதைச் சர்வரே காவல் காக்கும். விலை வித்தியாசம் இவ்வளவு பெரிதாக நிலைப்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். புத்தகம்போல் எல்லை தாண்ட முடிந்திருந்தால் மலிவு விலையே போட்டிருக்க மாட்டார்கள். பூட்டை வெறுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் நாட்டுப் பூட்டு எல்லா இடத்திலும் சட்டப்படி செல்லுமா?

செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரே சந்தை. கிழக்கு, மத்திய ஐரோப்பிய நாடுகளில் மலிவாக விற்ற கீ-களை (கேமைத் திறக்கும் குறியீடுகளை) மற்ற உறுப்பு நாடுகளில் வேலை செய்யாதபடி பூட்டியதற்காக, 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வ் மீதும் பந்தாய் நாம்கோ, கேப்காம், ஃபோக்கஸ் ஹோம், கோக் மீடியா, ஜெனிமேக்ஸ் ஆகிய ஐந்து பப்ளிஷர்கள் மீதும் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. வால்வ் பங்கு 16 லட்சத்துச் சொச்சம். வால்வின் மேல்முறையீடு 2023 செப்டம்பரில் தள்ளுபடி ஆனது.

கொள்கையளவில் சரியான தீர்ப்பு. ஆனால் ஒன்றியத்துக்குள் பூட்டக் கூடாது என்றால், ருமேனியாவுக்கென்று குறைத்துப் போட விற்பவருக்கு என்ன ஊக்கம் மிஞ்சும்? ருமேனியருக்கும் ஜெர்மானியருக்கும் ஒரே யூரோ விலை. சம்பளம் மட்டும் ஒன்றல்ல.

உலகம் முழுக்க ஒரே விலை வைப்பதுதானே நியாயம்?

ஜிஓஜி என்ற இன்னொரு பிசி கேம் கடை முதலில் அந்தக் கொள்கையோடுதான் வந்தது. பிறகு நாட்டு விலைகளை ஏற்க வேண்டியதாயிற்று. அமெரிக்க விலையைவிட அதிகம் கொடுத்தவர்களுக்கு வித்தியாசத்தைக் கடைக் கணக்கில் திருப்பித் தந்தது. டெவலப்பருக்குக் கூடுதல் பங்கு கொடுக்க வேண்டியிருந்ததால், கட்டுப்படியாகாமல் 2019 மார்ச்சோடு அதையும் நிறுத்தியது. ஒரே விலை என்பது கேட்கச் சமமாக இருக்கும். யாருடைய சம்பளத்துக்கு ஏற்ற ஒரே விலை என்று கேட்டால் பதில் வராது.

மொபைல்?

அங்கே கடைக்காரரின் கை ஓங்கியிருக்கும். 2022 அக்டோபரில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் யூரோ நாடுகளோடு எகிப்து, பாகிஸ்தான், வியட்நாம், சிலி, ஜப்பான் முதலிய நாடுகளிலும் விலைப் படிகளையே ஏற்றியது. விற்பவர் ஒன்றும் செய்யாமலே விலை ஏறியது. சரியும் நாணயத்தை மறந்துபோகாத அமைப்பு, ஆனால் இரக்கமும் இல்லாத அமைப்பு.

கேமுக்குள் வாங்கும் பொருட்களுக்கும் பிராந்திய விலை உண்டா?

ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும் பொருளென்றால் பெரும்பாலும் இருக்காது. ஸ்டீமின் கம்யூனிட்டி மார்க்கெட் உலகம் முழுக்க ஒரே சந்தை, மாற்று விகிதம்தான் கணக்கு. அங்கே நாட்டுக்கு ஒரு விலை வைத்தால் மறுநாளே மலிவு நாட்டில் வாங்கி மற்ற நாட்டில் விற்றுவிடுவார்கள்.

நான் ஒரு சின்ன டெவலப்பர். என் கேமுக்கு எப்படி விலை போடுவது?

பரிந்துரையிலிருந்து தொடங்குங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். மத்திய கிழக்கு, லத்தீன் அமெரிக்க, தெற்காசிய டாலர் பிரிவுகளை மறக்காமல் தனியாகப் பாருங்கள். அங்கே அமெரிக்க விலையே நின்றால் உங்கள் கேம் அந்த நாடுகளில் இல்லாததற்குச் சமம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டங்களையும் திறந்து, இன்றைய விகிதத்தில் டாலருக்கு மாற்றிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. ஆனால் தேதியைப் பார்த்துச் செய்யுங்கள். ஸ்டீமில் எந்த ஒரு நாணயத்தில் விலையை ஏற்றினாலும் அடுத்த 30 நாளைக்குத் தள்ளுபடி போட முடியாது. பெரிய சேல் நெருங்கும்போது ஒரே ஒரு நாணயத்தைச் சரிசெய்யப் போய், சேலையே தவறவிடும் ஆபத்து உண்டு. பலர் விலையைத் தொடாமலே விட இதுவும் ஒரு காரணம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

ஏற்றத்தான் வேண்டும் என்றால் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். ஐந்து ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஐந்து மடங்கு ஏற்றினால், அதற்கான எதிர்ப்பு உங்கள் ரிவ்யூ பக்கத்தில் நிரந்தரமாக நிற்கும்.

என் நாட்டில் ஒரு கேமின் விலை பொருத்தமே இல்லாமல் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

ஸ்டீமிடம் அல்ல, டெவலப்பரிடம். பெரிய பப்ளிஷரிடமிருந்து பதில் வருவது அரிது. சின்ன டீம் என்றால் பெரும்பாலும் படிப்பார்கள். கேமின் டிஸ்கஷன் பகுதியிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள். ‘விலை அதிகம்’ என்று மட்டும் எழுதினால் தினமும் வரும் நூறு புலம்பல்களில் அதுவும் ஒன்றாகிவிடும். உங்கள் நாட்டில் இப்போது இருக்கும் விலை, அதன் டாலர் மதிப்பு, ஸ்டீமின் பரிந்துரை விலை, அதே அளவுள்ள இரண்டு மூன்று கேம்களின் விலை, இவற்றை நான்கு வரியில் எழுதுங்கள். நெகட்டிவ் ரிவ்யூ போட்டு மிரட்ட வேண்டாம். அவர் அந்தக் கட்டத்தைக் கடைசியாக எப்போது திறந்தார் என்பது பல சமயம் அவருக்கே நினைவிருக்காது.